மூன்று சுழி ‘ண’

என் பெயர் காமாட்சி. வயது நாற்பத்தெட்டு. கணவர் பெயர் பெரியண்ணன், எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஏற்காடு வட்டம் கரடியூரில் குடியிருக்கிறேன். தொழில் வீட்டு வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதப் படிக்கத் தெரியும்.

இன்று பிப்ரவரி ஆறாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரும் அழைக்காமல், பஸ்ஸில் தனியாக வந்து இந்தக் காவல் நிலையத்தில் ஆஜரானேன். ஆய்வாளர் ஐயா நான் சொல்வதை எழுதிக்கொள்ளும்படி நிலைய எழுத்தரிடம் சொன்னார். எழுத்தர் முதல் வரி எழுதுவதற்கு முன்பே மை டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். எங்கள் நிலப் பத்திரத்திலும் வங்கிப் புத்தகத்திலும் நான் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்திருப்பது உண்மை. நான் டப்பாவை மூடித் திருப்பி வைத்துவிட்டு, தாள் கொடுத்தால் நானே எழுதுகிறேன் என்றேன். அதன் பிறகு ஆய்வாளர் ஐயா பன்னிரண்டு வெள்ளைத் தாளும் ஒரு நீலப் பேனாவும் கொடுத்து, “அம்மா, நீங்க சொல்ல வந்தத எழுதினா வழக்கு உங்க மேல திரும்பும். ஒரு வக்கீலக் கேட்டுட்டு வாங்க” என்றார். “கேட்டுட்டுத்தானுங்க வந்தேன். நான் கைநாட்டுன்னு சொன்னதே எங்க ஊட்டு வக்கீலுதானுங்க” என்றேன். இந்த வாக்குமூலம் முழுவதும் என் கையெழுத்து என்பதற்கு ஆய்வாளர் ஐயாவும் நிலைய எழுத்தரும் சாட்சி.

என் கணவரின் உதவியாளர் தேவசிகாமணி, நாகலூரைச் சேர்ந்தவர், சென்ற மாதம் இருபத்திரண்டாம் தேதி கைது செய்யப்பட்டு இன்றோடு பதினைந்து நாளாகச் சிறையில் இருக்கிறார். சென்ற நவம்பர் பதினேழாம் தேதி மாவட்ட ஆட்சியருக்குப் போன ஒரு கடிதத்தில் என் கணவரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டார் என்பது அவர் மேல் உள்ள புகார். புகார் கொடுத்தவர் என் கணவர். அந்தக் கையெழுத்தைப் போட்டது தேவசிகாமணி அல்ல. நான். இதைச் சொல்லத்தான் வந்தேன். எப்படி என்பதை முதலில் இருந்து எழுதுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதில் திருமணம் ஆனது. அப்போது என் கணவர் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் மிஷினில் வேலை பார்த்தார். தேவசிகாமணி அதே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். இன்றைக்கும் நான் அவரை ரைட்டர் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது அந்த மிஷினில் சிக்கி என் கணவரின் வலது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. ரைட்டர் அண்ணா தம் வேட்டியைக் கிழித்துக் கட்டி, எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனார். அன்று அவர் இடுப்பில் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு என் கணவர் நஷ்ட ஈடு கேட்டு நடந்தார். தமக்கு மட்டும் கேட்காமல், அதே மிஷினில் முன்பு கை போன இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டார். மூன்று பேருக்கும் வாங்கிக் கொடுத்தார். அதில் இருந்துதான் ஜனங்கள் அவரிடம் வர ஆரம்பித்தார்கள். அடுத்து வந்த தேர்தலில் வார்டு உறுப்பினர் ஆனார். அதற்கு அடுத்து ஊராட்சித் தலைவர் ஆனார். அப்போதெல்லாம் அவரே கையெழுத்துப் போட்டார். பெருவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பேனாவைப் பிடித்து எழுதுவார். ஒரு கையெழுத்துப் போல இன்னொன்று இருக்காது. ஒத்துவரவில்லை என்று வங்கியில் இரண்டு முறை காசோலையைத் திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை எல்லார் முன்னாலும் திருப்பினார்கள். அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை.

நான் எழுதக் கற்றதும் அவருக்கு அடிபட்ட வருடத்தில்தான். சனிக்கிழமைதோறும் ஊர்ப் பெருமாள் கோவிலில் பஜனை உண்டு. பாட்டுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பாட்டுப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, வாய் பாடுகிற வார்த்தை தாளில் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடித் தேடி எழுத்துகளைக் கண்டுபிடித்தேன். ஒரு வருடம் ஆனது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றதால் என் எழுத்து அச்சுப் போலவே ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். அடிக்கடி வந்த பெயர் கண்ணன். அந்தப் பெயரை எழுதிப் பழகித்தான் மூன்று சுழி ‘ண’ எனக்குப் படிந்தது. பெருமாள் பெயரில் கற்ற எழுத்து என்பதால் அதில் ஒரு சுழியைக் குறைக்க என் கை வராது. இதை வழக்குக்குத் தேவை என்பதால் எழுதுகிறேன்.

பத்து வருடத்திற்கு முன்பு என் கணவர் முதல் முறை சட்டமன்ற உறுப்பினர் ஆனார். ரைட்டர் அண்ணா எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு உதவியாளராக வந்தார். ஜெயித்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை எங்கள் வாசலில் அறுபத்து மூன்று பேர் மனுவோடு நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிபாரிசுக் கடிதம் ரைட்டர் அண்ணா எழுதி வைக்க வைக்க, என் கணவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பதாவது கடிதம் முடிந்ததும் கை மடங்கிக்கொண்டு பேனா கீழே விழுந்தது. யாரோ பொறுக்கிக் கொடுத்தார்கள். மறுபடியும் விழுந்தது. போன் வந்ததுபோல எழுந்து சமையற்கட்டுக்கு வந்து, கையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, “காமாச்சி, வெளிய அம்பது பேரு நிக்கறாங்க. நீதான் சாமி போடோணும்” என்றார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, அரிசி டப்பாவின் மேல் வைத்து மீதி ஐம்பத்து நான்கு கடிதங்களிலும் ‘பெரியண்ணன்’ என்று எழுதினேன். அன்று முதல் அது என் வேலை ஆனது. இது தெரிந்தவர்கள் மூன்று பேர். என் கணவர், நான், ரைட்டர் அண்ணா.

வேட்புமனுவில், பிரமாணப் பத்திரத்தில், சட்டமன்றத்தின் பதிவேட்டில், காசோலையில் நான் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. அவையெல்லாம் அவரே போட்டவை. கடிதங்கள் மட்டும் நான்.

போட்ட ஒவ்வொரு கடிதத்தையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வரிசை எண், தேதி, கேட்டவர் பெயர், ஊர், என்ன விஷயம், ஆனதா ஆகவில்லையா என்று ஆறு கட்டம். கடைசிக் கட்டத்தில் ‘ஆச்சு’ என்றோ ‘ஆகலை’ என்றோ எழுதும்வரை அந்த ஆளை விடமாட்டேன், பார்க்கிற இடத்தில் கேட்பேன். மொத்தம் பத்தொன்பது நோட்டு. நாலாயிரத்து இருநூற்று எண்பத்தாறு கடிதம். நாகலூருக்கு விடியற்காலை பஸ், ஜாதிச் சான்று கிடைக்காமல் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், விதவைப் பணம், ஆஸ்பத்திரிச் சீட்டு, மின்கம்பம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் அதில் இருக்கின்றன. பத்தொன்பது நோட்டையும் கோணிப்பையில் கொண்டுவந்து ஆய்வாளர் ஐயா மேஜை அருகே வைத்திருக்கிறேன். ரசீது கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பள்ளியில் என் கணவர் பெயர் போட்ட கடிதத்தால் இரண்டு வகுப்பறை கட்டினார்கள். தலைமை ஆசிரியர் அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, திறப்பு விழாவில் பேசும்போது, இரண்டு விரல் இல்லாத மனிதர் எழுத்து எப்படி முத்து முத்தாக இருக்கிறது பாருங்கள், பத்து விரலும் உள்ள நம் பிள்ளைகள் எழுத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மேடையில் இருந்து என் கணவர் பெண்கள் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நானும் கை தட்டினேன்.

இனி நவம்பர் பதினேழாம் தேதி நடந்தது. அன்று திங்கட்கிழமை. செம்மநத்தத்துக்குக் கீழே முப்பத்தோரு வீடு உள்ள ஒரு சிற்றூரில் இருந்து அருக்காணி என்ற பெண்மணி, பதினோரு பெண்களோடு காலிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர்கள் தண்ணீர் எடுக்கும் சுனைக்குப் போகிற பாதையை, மேலே விடுதி கட்டுகிறவர் கம்பி வேலி போட்டு மறித்துவிட்டார். அது புறம்போக்குப் பாதை. ஒன்றரை மைல் சுற்றிப் போய் எடுக்கிறோம் என்றார்கள். குடம் எதற்குத் தூக்கி வந்தீர்கள் என்று கேட்டதற்கு அருக்காணி, “ஏனுங்க, வந்ததே வந்தோம், உங்க ஊட்டுக் கொழாயில புடிச்சுக்கிட்டாவது போலாமுன்னுதானுங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பிடித்துக்கொண்டும் போனார்கள்.

என் கணவர் கட்சிக் கூட்டத்துக்காகச் சென்னை போய்க்கொண்டிருந்தார். ரைட்டர் அண்ணா கடிதம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “அண்ணி, இது யாரு கட்டடம்னு தெரியுமுங்களா?” என்றார். எனக்குத் தெரியும். கட்சியின் மாவட்டப் பொறுப்பாளருடைய மருமகன் கட்டடம். நான் என் கணவருக்குப் போன் செய்தேன். அவர் சேலம் ஜங்ஷனில் இருந்தார், இரைச்சலாக இருந்தது. சுனைப் பாதை, வேலி, இன்னார் கட்டடம் என்று சொன்னேன். “தண்ணி விசயமா? நீயே பாத்துப் போட்டுரு” என்று சொல்லி வைத்துவிட்டார். இன்னார் கட்டடம் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா இல்லையா எனக்குத் தெரியாது. விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன். மறுபடியும் போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். அந்தப் பிழை என்னுடையது. அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பதாம் நோட்டில் வரிசை எண் நாலாயிரத்து இருநூற்று முப்பத்தொன்று.

ஒரு வாரத்தில் அளந்து பார்க்க ஆள் வந்தார்கள். டிசம்பர் இரண்டாம் தேதி வேலியை எடுத்தார்கள். அருக்காணி போன் செய்து சொன்னதும் ‘ஆச்சு’ என்று எழுதினேன்.

ஜனவரி மாதம், வருகிற தேர்தலில் யாருக்குச் சீட்டு என்று கட்சியில் பேச்சு நடந்தது. மாவட்டப் பொறுப்பாளர் என் கணவரைக் கூப்பிட்டு, உன் கையெழுத்தால் என் மருமகன் கட்டடம் நின்றுபோனது என்று கேட்டாராம். என் கணவர் அது நான் போட்டது இல்லை என்று சொன்னாராம். அவர் சொன்னது உண்மைதான். அப்படியானால் யார் போட்டது என்று கேட்டார்களாம். அதற்கு அவர் பதில் சொல்லவில்லையாம். பதிலை அவர்களே முடிவு செய்துகொண்டார்களாம்.

ஜனவரி இருபதாம் தேதி கட்சி வக்கீல் சந்திரசேகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் சொந்த வழக்குகளையும் அவர்தான் பார்க்கிறார். புகாரை அவர் எழுதினார், என் கணவர் தம் கையாலேயே கையெழுத்துப் போட்டார். நான் காபி கொண்டுபோனபோது, வீட்டில் வேறு யாராவது பேனா பிடிப்பார்களா என்று போலீசில் கேட்பார்கள் என வக்கீல் சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார். வக்கீல், “அண்ணியவா பாக்கறீங்க? அவங்க கைநாட்டுங்க தலைவரே. போன வருசம் பத்திரத்துலயே நாந்தான வெரலப் புடிச்சு உருட்டினேன்” என்று சொல்லிச் சிரித்தார். என் கணவர் காபியை எடுத்துக் குடித்தார். பத்திரம் எழுதிய அன்று, வங்கியில் முன்பிருந்தே ரேகை இருப்பதால் இங்கேயும் ரேகையே இருக்கட்டும் என்று அவர்கள் சொன்னதற்கு நான் சரி என்றவள். ஆகையால் வக்கீலைக் குற்றம் சொல்ல எனக்கு இடமில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இருபத்திரண்டாம் தேதி ரைட்டர் அண்ணாவைக் கைது செய்தார்கள். இருபத்து நான்காம் தேதி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் கணவரைப் பத்து முறை கையெழுத்துப் போடச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது கை வீங்கியிருந்தது. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். அந்தப் பத்துக் கையெழுத்தின் நகலை வக்கீல் எங்கள் மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். பார்த்தேன். மூன்றாவது சுழிக்கு அவர் விரல் வளைவதில்லை. ஆகையால் ‘ண’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு சுழி ‘ன’ போட்டு, பத்து முறையும் ‘பெரியன்னன்’ என்று எழுதியிருந்தார். கடிதத்தில் மூன்று சுழி இருக்கிறது, தலைவர் கையில் இரண்டு சுழி வருகிறது, ஆகையால் கடிதம் போலி, இதைவிட என்ன வேண்டும் என்று வக்கீல் சந்தோஷப்பட்டாராம்.

அவர் ஒன்றை யோசிக்கவில்லை. அந்த ஒரு கடிதத்தில் மட்டும் மூன்று சுழி இல்லை. முதல் திங்கட்கிழமை போட்ட ஒன்பது கடிதம், என் கணவர் தாமே போட ஆசைப்பட்டுப் போட்ட ஆறு கடிதம் ஆகப் பதினைந்து போக, மீதி நாலாயிரத்து இருநூற்று எழுபத்தொன்றிலும் மூன்று சுழிதான். கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியதிலும் மூன்று சுழிதான். மூன்று சுழி போலி என்றால் அந்தப் பஸ் போலி, அந்த வகுப்பறை போலி, இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் சான்றுக்கு வைத்த சிபாரிசும் போலி. அவையெல்லாம் சரி என்றால் சுனைக் கடிதமும் சரி. இரண்டில் எது என்று அதிகாரிகள் சொல்லட்டும். ஒரே கையை ஒரு தாளில் மட்டும் திருட்டுக் கை என்று சொல்ல முடியாது.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி சனிக்கிழமை, பஜனைக்குக் கிளம்பும்போது ரைட்டர் அண்ணாவின் மனைவி ஜெயகுமாரி வந்தார். சிறையில் பார்த்துவிட்டு நேராக வந்ததாகச் சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “நான் போடலைன்னு மட்டும் சொன்னாருங்களாம் அண்ணி. யாரு போட்டாங்கன்னு எத்தன தடவ கேட்டும் சொல்லலைங்களாம். என்கிட்டயும் சொல்லல. எனக்குத் தெரியும், இருந்தாலும் நானும் சொல்ல மாட்டேன். உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதன் பிறகு நான் பஜனைக்குப் போனேன். கண்ணன் பெயர் வரும் இடத்தில் எல்லாரும் பாடினார்கள், எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை என் கணவரிடம், நீங்கள் புகாரைத் திரும்ப வாங்குகிறீர்களா அல்லது நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர், “ஒரு மாசம் பொறு காமாச்சி. லிஸ்ட்டு வரட்டும். அப்புறம் ரைட்டர நானே வெளிய எடுக்கறேன். இந்த ஊருக்கு இன்னும் எவ்வளவு செய்ய வேண்டியது கெடக்குது, உனக்குத் தெரியாதா?” என்றார். எனக்குத் தெரியும். ‘ஆகலை’ என்று இருப்பவை எழுநூற்று முப்பது. “ஏனுங்க மாமா, அந்த ஒரு மாசத்த அவருக்குப் பதுலா நீங்க உள்ள இருந்து பாக்கறீங்களா?” என்று கேட்டேன். அவர் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார். நான் ஐந்து நாள் அவகாசம் கொடுத்தேன். நேற்றோடு முடிந்தது.

நேற்று காலை சேர்வராயன் மலைக் கோவிலுக்கு ஏறினேன். கேட்பதற்காகப் போகவில்லை, சொல்வதற்காகப் போனேன். குகைக்குள் சாமி முன்னால் நின்று, நாளைக்கு இன்னது செய்யப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இன்று காலை புறப்படும்போது என் கணவரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவர் தடுக்கவில்லை. நோட்டு மூட்டை கனமாக இருந்ததால் பஸ் நிற்கும் இடம்வரை அவர்தான் இடது தோளில் வைத்துத் தூக்கி வந்தார். கண்டக்டர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

என் கணவர் இந்த ஜனங்களுக்குச் செய்தது எதுவும் பொய் இல்லை. அவர் சொல்லித்தான் நான் எழுதினேன், அவர் அலைந்துதான் காரியம் ஆனது. நாளைக்கு அவர் தேர்தலில் நின்றால் என் ஓட்டு அவருக்குத்தான். ஆனால் வேட்டியைக் கிழித்துக் கட்டியவரைச் சிறையில் வைத்துவிட்டு வாங்குகிற சீட்டு எங்கள் வீட்டுக்கு வேண்டாம். இந்தக் கையெழுத்துக்கு உண்டான தண்டனை எதுவோ அதை எனக்குக் கொடுக்கவும். தேவசிகாமணியை விடவும். இதன் இன்னொரு படியை என் கையாலேயே எழுதி, திங்கட்கிழமை நீதிமன்றத்திலும் கொடுப்பேன்.

இதில் உள்ளவை நான் செய்தவை, என் கண்ணால் பார்த்தவை, அல்லது பிறர் சொல்லக் கேட்டவை. கேட்டதை ‘சொன்னாராம்’, ‘கேட்டார்களாம்’ என்று தனியாகக் காட்டியிருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மிரட்டவும் இல்லை. ஒருமுறை முழுவதும் படித்துப் பார்த்தேன், இரண்டு இடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சேர்த்தேன், சரியாக இருக்கிறது.

காமாட்சி என்ற என் பெயரில் ‘ண’ வராது. ஆகையால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஆய்வாளர் ஐயா பார்க்க, தனித் தாளில் ‘பெரியண்ணன்’ என்று பத்து முறை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இனி அந்தப் பெயரை நான் எழுதமாட்டேன். கீழே உள்ளது என் பெயர். ஒரு தாளின் அடியில் அதை நான் எழுதுவது இதுதான் முதல் முறை.

காமாட்சி